பூட்டிய தெருவுக்கு வந்த சம்மன்

ஜூன் 14

செங்கல் சூளையிலிருந்து வந்து சேர்ந்தோம். லாரிக்காரன் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். தையில் போட்ட பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. அப்பா எண்ணெய் விட்டுக் கல்லால் தட்டித் திறந்தார். உள்ளே சுவர் முழுக்கக் கரையான்.

அம்மா மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. கதவைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். பசை காய்ந்து சதுரமாக ஒட்டியிருந்தது. "எவன் வந்து எத ஒட்டுனானோ, நாசமாப் போறவன்" என்றாள்.

எதிர்வீட்டுச் செல்லக்கிளி அத்தை சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். தை முதல் ஆனி வரை எங்கள் தெருவில் ஆள் இருப்பது அவள் வீட்டில் மட்டும்தான். கால் ஊனம் என்பதால் எந்த மேஸ்திரியும் அவளைச் சூளைக்கு அழைப்பதில்லை. அத்தனை வீட்டுக்கும் அவள்தான் காவல். எங்கள் வீட்டைப் பெருக்கித் தருகிறேன் என்று வந்தவள், கதவுப் பக்கம் மட்டும் பார்க்காமல் பெருக்கினாள். களைப்பாக இருக்கும்.

ஜூன் 15

எங்கள் நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி.

அப்பா மண்வெட்டியோடு போனவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆள் சொல்லி என்னை வரச்சொன்னார். பக்கத்திலிருக்கும் மில்லின் வாட்ச்மேன் கட்டிலில் படுத்தபடியே பேசினான்.

"கோர்ட்டு ஆர்டர் வாங்கிட்டாரு மொதலாளி. உள்ள கால வச்சா போலீசு வரும். எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க, நான் சம்பளத்துக்கு இருக்கறவன்."

"என் நிலத்துக்கு எனக்குத் தெரியாம இன்னா ஆர்டரு?" என்றார் அப்பா.

"அத கோர்ட்ல போய்க் கேளுண்ணே."

எழுபத்திரண்டு சென்ட். மானாவாரி. ரோட்டோரம் இருப்பதால் மில்லுக்காரர் தனசேகரனுக்குப் பல வருஷமாக அதன்மேல் கண். எங்கள் தெருவில் சொந்தமாக நிலம் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். ஒரு வருஷம் மழை சரியாகப் பெய்து மணிலாக் கடலை விளைந்தால், அடுத்த தைக்கு லாரி ஏற வேண்டாம் என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். இன்று அதைச் சொல்லவில்லை.

ஜூன் 19

டவுனில் வக்கீல் குணசீலனைப் பார்த்தோம். எங்கள் ஆட்களுக்கு அவர்தான் வக்கீல். நல்லவர் என்கிறார்கள். நான்கு கட்சிக்காரர்களிடம் ஒரே நேரத்தில் பேசுகிறார்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் எழுதி, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு, பத்திரம் பதிந்து தராமல் ஏமாற்றுகிறார் என்று மாசி மாதம் மில்லுக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் அனுப்பியும் அப்பா கோர்ட்டுக்கு வராததால், சித்திரையில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அதை உடைக்காவிட்டால் அப்பாவுக்குப் பதில் கோர்ட்டே கையெழுத்துப் போட்டு நிலத்தை அவர் பேருக்குப் பதிந்து கொடுத்துவிடும்.

சம்மன் கொண்டுவந்த கோர்ட் ஊழியரான அமீனா எழுதிய அறிக்கையின் நகலைப் படித்தேன். "பிரதிவாதியின் வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் எங்கே சென்றார், எப்போது வருவார் என்ற விவரம் தெரியவில்லை. வெளிக்கதவில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது." சார்வு என்றால் சம்மனைச் சேர்ப்பித்தாகிவிட்டது என்று அர்த்தமாம்.

தெரியவில்லையாம். மாசியில் எங்கள் தெரு பூட்டிக் கிடக்கும் என்பது டவுன் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். ரேஷன் கடைக்காரனுக்குத் தெரியும். சூளை லாரி கிளம்புவதே மில் வாசலிலிருந்துதான். ஆள் இல்லாத மாதம் பார்த்து வழக்குப் போடுகிறவனுக்கு இதைவிடத் தோதான தெரு எங்கே கிடைக்கும்?

"ஒட்டவே இல்லன்னு போடுவோம்" என்றார் வக்கீல். "அமீனா ஊருக்கே வரல, டீக்கடைல உக்காந்து எழுதிட்டான்னு போடுவோம். எல்லாத்தையும் மறுக்கணும்மா. ஒண்ண ஒத்துக்கிட்டா மிச்சத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

கதவில் இருந்த பசை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. குழுக் கடன் கொடுக்கிற கம்பெனிக்காரர்களும்தான் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

ஜூன் 20

அப்பாவிடம் அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே காது கொடுத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மில்லுக்குப் புது கரண்ட் லைன் இழுத்தார்கள். கம்பம் எங்கள் நிலத்தில் நட வேண்டும். ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லி முத்திரைத்தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணும் எழுதல. அப்புறம் டைப் பண்ணிக்கிறோம்னாங்க."

"வெத்துத்தாள்லயா போட்டீங்க?"

"மொதலாளியே காபி வாங்கிக் குடுத்து, வீராசாமி அண்ணேன்னு கூப்பிட்டாருடி. அதுவரைக்கும் என்ன அண்ணேன்னு அவரு கூப்பிட்டதே இல்ல."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூலை 3

மணிலா களை எடுக்கப் போனேன், அடுத்தவர் நிலத்துக்கு.

ஜூலை 11

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவில் அப்பா கையெழுத்துப் போட்டார். கூட்டம் அதிகம். வக்கீலின் குமாஸ்தா பக்கத்தைப் புரட்டப் புரட்ட, அவர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் அப்பா போட்டார். படித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள கோர்ட்டு முடிஞ்சிடும் பாப்பா" என்றார் குமாஸ்தா.

ஆகஸ்ட் 2

வாய்தா.

ஆகஸ்ட் 23

வாய்தா. ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல், பிழைக்கவில்லை. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். படித்த பட்டத்துக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்க வேண்டும் என்றால் இது ஒன்றுதான் வழி.

செப்டம்பர் 26

அப்பாவைக் கூண்டில் ஏற்றினார்கள். மில்லுக்காரரின் வக்கீல் மெல்லிய குரலில் பேசுகிறவர்.

"உங்க வீட்டுக் கதவுல சம்மன் ஒட்டவே இல்லைன்னு மனுவுல சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"ஆமாங்க."

அவர் ஒரு போட்டோவை நீட்டினார். "இது யார் வீட்டுக் கதவு?"

அப்பா கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். நீலக் கதவு. நடுவில் காகிதம். அம்மா மஞ்சளில் இட்ட பொங்கல் பொட்டுகூடத் தெரிந்தது.

"என் வீட்டுதுங்க."

"ஒட்டியிருக்கா?"

"இதுல ஒட்டித்தாங்க இருக்கு."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா தலையை நிமிர்த்தவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். எங்கள் வக்கீல் தன் செல்போனைப் பார்த்தார்.

ஊருக்கு வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். எங்கள் நிறுத்தம் வந்ததும், "நான் பொய் சொல்லலடி. பேப்பருதான் பொய் சொல்லுச்சு" என்றார்.

செப்டம்பர் 27

செல்லக்கிளி அத்தையிடம் போனேன். கேட்கும் முன்பே அழுதுவிட்டாள்.

"நாந்தான்டி கிழிச்சேன்."

"ஏன் அத்த?"

"கொழுக் கடன்காரன் ஒட்டறான்ல, அதுன்னு நெனச்சேன். தெருவுல யாரு கதவுல பேப்பரு ஒட்டுனாலும் நான் கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன். நீங்க திரும்பி வரும்போது நாலு பேரு பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னு. உங்க வீடு மட்டுமில்ல, எல்லா வீட்டுக்கும்தான்."

எங்கள் மானத்தை அடுப்பில் போட்டுக் காப்பாற்றியிருக்கிறாள். படிக்கத் தெரியாது அவளுக்கு. வட்ட முத்திரை இருந்தால் எல்லாமே கடன்காரன்தான்.

கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவளே சொன்னாள்: "வந்தவன் எங்கிட்ட கேட்டானே. வீராசாமி எங்கன்னான். சூளைக்குப் போயிருக்காங்க, செங்கல்பட்டு தாண்டி, ஆனில வருவாங்கன்னு சொன்னேன். தண்ணி கேட்டான், குடுத்தேன்."

"சொன்னியா? அவன்கிட்டயேவா?"

"சூளை பேரும் சொன்னேன்டி. மேஸ்திரி பேரும் சொன்னேன். அதுக்கும் என்ன ஜெயில்ல போடுவாங்களா?"

செப்டம்பர் 29

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இத மொதல்லயே ஏன் சொல்லல?"

"மொதல்லயே நீங்க கேக்கல சார். நீங்களே ஒட்டலன்னு எழுதிட்டீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அவர் ஜூனியர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா வந்து சொல்லுமா?" என்று கேட்டார். ஒட்டினார்கள் என்பதைவிட, இருக்கும் இடம் தெரிந்தும் தெரியாது என்று எழுதினார்கள் என்பதுதான் பெரிய குற்றம் என்றார். தெரிந்த இடத்துக்குச் சம்மனை அனுப்பாமல் பூட்டிய கதவில் ஒட்டினால் அது சரியான சார்வு ஆகாதாம். இதைத்தான் அவர் முதல் மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் 14

அத்தை கூண்டில் ஏற இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. நீதிபதி அம்மா நாற்காலி போடச் சொன்னார். அத்தை உட்கார மாட்டேன் என்றாள். கோர்ட்டில் உட்கார்ந்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மில் வக்கீல் கேட்டார்: "கோர்ட்டு காகிதத்தைக் கிழிக்கிறது குற்றம்னு தெரியுமா?"

"கோர்ட்டு காகிதம்னு தெரியாது சாமி. தெரிஞ்சிருந்தா கிழிப்பேனா? எடுத்துப் பத்திரமா வச்சிருப்பேன்."

"படிக்கவே தெரியாத உங்களுக்கு, வந்தவர் அமீனான்னு எப்படித் தெரியும்?"

"அமீனான்னு எனக்கென்ன தெரியும்? தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு அதோ அங்க நிக்கிறாரே, அவருன்னு தெரியும்."

அமீனா வாசல் ஓரமாக நின்றிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீராசாமி குடும்பத்துக்கு வேண்டப்பட்டவங்க நீங்க. அதனால அவங்களுக்காகப் பொய் சொல்றீங்க."

"பொய் சொல்றதா இருந்தா நான் கிழிச்சேன்னு ஏன் சாமி சொல்லப்போறேன்? ஒட்டவே இல்லன்னு சொல்லிட்டு எங்க வீட்டுக்குப் போயிருப்பேன்."

நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு முழுதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "ஜெயிலு இல்லையே?" அவளுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தோம். வழியெல்லாம் தான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 6

மழை. கூரையில் தார்ப்பாய் கட்டினோம். மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். பொங்கல் முடிந்ததும் லாரி. நான் தேர்வு எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். "கலெக்டராவப் போறியா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

டிசம்பர் 19

உத்தரவு சொல்வார்கள் என்று போனோம். நீதிபதி விடுப்பு.

ஜனவரி 8

மனு அனுமதிக்கப்பட்டது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ரத்து.

ஆனால் ஒரு நிபந்தனை. ஜனவரி 22க்குள் அப்பா தன் எதிருரையை, அதாவது வழக்குக்கு எழுத்தில் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மனு தானாகத் தள்ளுபடியாகி, பழைய தீர்ப்பு உயிர் பெற்றுவிடும்.

"ரெண்டு வாரம் தாராளம்" என்றார் வக்கீல். அம்மா கோர்ட் வாசலிலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் கும்பிட்டாள். எதைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை. எதிரே இருந்தது சைக்கிள் ஸ்டாண்ட்.

ஜனவரி 9

ஹால் டிக்கெட் இறக்கினேன். தேர்வு 21ஆம் தேதி ஞாயிறு காலை.

ஜனவரி 12

வக்கீல் ஆபீஸ். எதிருரை தயாராகவில்லை. பொங்கல் முடியட்டும் என்கிறார்.

ஜனவரி 17

மறுபடியும் போனோம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. நாளை லாரி. தயாராகவில்லை.

"ஒண்ணு செய்ங்க" என்றார் வக்கீல். "வெத்துத்தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டுக் கிளம்புங்க. நான் டைப் அடிச்சுத் தாக்கல் பண்ணிக்கறேன். எல்லாக் கட்சிக்காரங்களும் அப்படித்தான் செய்யறாங்க."

குமாஸ்தா தாளை எடுத்து வைத்தார். அப்பா பேனாவை வாங்கினார். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் சார்" என்றேன்.

"நான் என்ன மில்லுக்காரனா? உங்க வக்கீல்மா."

"அதுக்குச் சொல்லல சார். எழுதுனதுக்கு அப்புறம் போடுவாரு."

"அப்ப அவரு இருக்கணும். நாளைக்கு லாரி ஏறிட்டா?"

"நான் கொண்டுபோய் வாங்கிட்டு வரேன்."

அப்பா பேனாவை மேஜைமேல் வைத்தார். தாளைக் குமாஸ்தா பக்கம் தள்ளினார்.

ஜனவரி 18

காலையில் லாரி போனது. அம்மா கோழியைச் செல்லக்கிளி அத்தையிடம் விட்டுப் போனாள். தெரு முழுக்கப் பூட்டு.

ஜனவரி 20

சாயந்திரம்தான் எதிருரை கைக்கு வந்தது. ஏழு பக்கம்.

"திங்கக்கிழமைக்குள்ள முடியலன்னா பயப்படாதே" என்றார் வக்கீல். "நீட்டிப்பு மனு போடலாம். அப்பாவுக்கு மஞ்சள் காமாலைன்னு எழுதிடலாம். டாக்டர் நம்ம ஆளுதான்."

"நீதிபதி அம்மா நீட்டிச்சுத் தருவாங்களா சார்?"

"சாதாரணமா தருவாங்க."

சாதாரணமாக என்றால் யாருக்கு என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை கிடையாது. நாளை வெயிலில் அவர் கல் அறுத்துக்கொண்டிருப்பதை யாராவது போட்டோ எடுத்தால் போதும்.

ஜனவரி 21

விடியும் முன் பஸ் பிடித்தேன். மூன்று பஸ் மாறி, கடைசியில் மண் லோடு டிராக்டரில் தொற்றிக்கொண்டு சூளைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கிறது. அம்மா சேறு குழைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அச்சில் கல் அறுத்து வரிசை போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அம்மா, "இன்னைக்கு உனக்கு..." என்று ஆரம்பித்தாள். "தண்ணி குடும்மா" என்றேன்.

மேஸ்திரி வந்தார். "கையெழுத்துப் போட எவ்ளோ நேரமாவும்? போட்டுட்டு அனுப்பு."

அப்பா கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து குந்தினார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"படி" என்றார்.

"ஏழு பக்கம்பா."

"படிடி. போன தடவ படிக்காம போட்டுட்டு கூண்டுல நின்னது நான்தானே."

சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் களத்திலிருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். மேஸ்திரி கத்திக் கத்திப் பார்த்துவிட்டு அவரும் நின்று கேட்டார். நான்காம் பக்கம் வந்தபோது அப்பா கையைத் தூக்கினார்.

"அத இன்னொரு தடவ."

"பிரதிவாதி மேற்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை. அதிலுள்ள கையெழுத்து வாதியால் போலியாகப் போடப்பட்டது."

"அது என் கையெழுத்துதானே."

"ஆமாப்பா. ஆனா வக்கீலு எல்லாத்தையும் மறுக்கணும்னு..."

"ஒட்டலன்னு மறுத்தாரு, போட்டோவ நீட்டுனாங்க. இப்ப கையெழுத்தே இல்லன்னா எத நீட்டுவாங்களோ. மாத்து."

"நாம மாத்தலாமான்னு தெரியலப்பா."

"நான் போடறதுன்னா மாத்து. கையெழுத்து என்னுது. தாளு வெத்துத்தாளு. கரண்ட் கம்பத்துக்குன்னு சொல்லி வாங்குனாரு. பணம் ஒரு பைசா வாங்கல. இதான் நடந்தது, இத எழுது."

வரிகளை அடித்துவிட்டு, ஓரத்தில் அவர் சொன்னதை எழுதினேன். நிலமே போனாலும் போகலாம் என்று தோன்றியது. வழக்கைக் கெடுத்தது நானாகத்தான் இருப்பேன். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கையெழுத்து என்று அப்பா நிதானமாகப் போட்டார்.

மேஸ்திரி, "அரை நாள் கூலி போச்சு" என்றார். அப்பா மறுபடி அச்சைக் கையில் எடுத்தார்.

சாப்பிட்டுப் போ என்றாள் அம்மா. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டிராக்டர் வரை கூடவே நடந்து வந்தாள். தேர்வைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

ஜனவரி 22

குணசீலன் சார் நான்காம் பக்கத்தைப் பார்த்ததும் காகிதத்தை மேஜையில் எறிந்தார்.

"யாரக் கேட்டு அடிச்ச? கையெழுத்த ஒத்துக்கிட்டா கேஸே முடிஞ்சுது. பணம் வாங்கலன்னு இனிமே எவன் நம்புவான்?"

"நடந்தது அதுதான் சார்."

"நடந்தத எழுதறதுக்கு வக்கீல் எதுக்கு?"

மறுபடி டைப் அடிக்க நேரமில்லை. அடித்தாலும் கையெழுத்துக்கு அப்பா இல்லை. திட்டிக்கொண்டே அவர் தன் கையெழுத்தைப் போட்டார். உணவு இடைவேளைக்கு முன் தாக்கல் ஆனது. குமாஸ்தா நகல் ஒன்றை மில் வக்கீலிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவந்தார்.

மதியம் வழக்கைக் கூப்பிட்டார்கள். மில்லுக்காரர் தனசேகரன் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வக்கீல் கையில் ஒரு மனு தயாராக இருந்தது. நின்றபடியே எங்கள் எதிருரையைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் நின்றார். ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் படிக்கச் சிரமமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார். பிறகு கையிலிருந்த மனுவை மெதுவாகக் கட்டுக்குள் செருகிவிட்டுக் குனிந்து மில்லுக்காரரிடம் ஏதோ கேட்டார். மில்லுக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

குணசீலன் சார் என் பக்கம் சாய்ந்தார். "கையெழுத்த நிபுணருக்கு அனுப்பற மனு. நாம போலின்னு சொல்லுவோம்னு ரெடியா வந்திருக்கான்." குரலில் கோபம் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நீதிபதி அம்மா கேட்டார்: "பிரதிவாதி கையெழுத்தை ஒப்புக்கொள்கிறார். வெற்றுத்தாள் என்கிறார், பணம் வாங்கவில்லை என்கிறார். பணம் எப்படிக் கொடுத்தீர்கள்? வங்கி மூலமா, ரொக்கமா? எங்கே, யார் முன்னிலையில்?"

மில் வக்கீல் நிமிர்ந்தார். கட்டைப் புரட்டிவிட்டுத் திரும்பி மில்லுக்காரரைப் பார்த்தார்.

பிறகு சொன்னார்: "கட்சிக்காரரிடம் விவரம் கேட்க வேண்டும் அம்மா. ஒரு வாய்தா வேண்டும்."